கிழிசலைக் கட்டிய கயிறு

இடது கால் பெருவிரலில் வலையின் ஓரம் மாட்டியிருந்தது. இடது கை அதை முழங்காலுக்கு மேல் இழுத்துப் பிடிக்க, வலது கையிலிருந்த சின்னக் கத்தரி கிழிசலின் விளிம்பிலேயே நகர்ந்து பிய்ந்த நூல்களை நறுக்கிக்கொண்டு போனது. கிழிந்த வலையைச் சரிசெய்கிறவன் முதலில் கிழிசலைப் பெரிதாக்க வேண்டும். நைந்த கண்ணி, பாதி அறுந்த கண்ணி, முடிச்சு நழுவிய கண்ணி எல்லாம் போய், நல்ல கண்ணி எங்கே தொடங்குகிறதோ அங்கே வந்துதான் ஊசியை எடுக்கலாம். அந்தக் கைகள் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

மழை விட்ட மறுநாள் அது. அடையாறு முகத்துவாரத்தின் வழியாக நகரத்தின் குப்பை முழுவதும் கடலில் இறங்கியிருந்தது. வலையெல்லாம் ஆகாயத்தாமரை வேர், பால் கவர், கிழிந்த துணி. ஈர மண்ணோடு சேர்ந்து கட்டி கட்டியாகச் சுருண்டிருந்தன. கத்தரி எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டியாக இருந்ததையெல்லாம் வெட்டிப் பக்கத்திலிருந்த சாக்கில் போட்டது. நைலான் துண்டு ஒன்றுகூட மணலில் கிடக்கக் கூடாது என்பது அந்தக் கைகளுக்குப் பழக்கம். ஆமைகள் கரையேறும் மாதங்கள் வருகின்றன.

கிழிசல் சுத்தமானது. ஊசியில் நூல் ஏறியது. முதல் கண்ணி விழப்போகும் நேரத்தில் குரல் கேட்டது.

“கைய எடு ஆரோக்கியம்!”

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஆரோக்கியராஜை அப்படி அதட்டுகிறவர்கள் அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, ஏலக் கூடத்து நிழலில் உட்கார்ந்து வலை பார்ப்பதே அவர் வேலை. யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. மற்றவர்கள் தைத்த இடங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். திட்டினால் வேலை தாமதமாகும் என்று ஊருக்குத் தெரியும்.

அதட்டியவர் தேசப்பன். வலை அவருடையது. வடபழனி கோயிலில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு விடியற்காலையிலேயே குடும்பத்தோடு போனவர், பட்டுக்கரை வேட்டியோடு அப்படியே மணலில் இறங்கி வந்திருந்தார். அவர் இல்லாததால் அவருடைய அண்ணன் பிள்ளைகள்தான் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய் வலையை எடுத்து வந்தார்கள். இருட்டில் இழுத்து, குப்பையோடு குப்பையாகச் சுருட்டி ஆரோக்கியராஜ் முன்னால் கொட்டி, “நடுவுல கிழிஞ்சி கீது மாமா, சாயங்காலம் கடலுக்குப் போவணும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

“இது தானா கிழிஞ்சதில்ல, அறுத்தது,” என்றார் தேசப்பன். “ராத்திரி பிரசாத்தோட போட்டு என் வலை மேலயே நின்னுக்கினு இருந்துச்சாம். பக்கத்து போட்டுக்காரன் போன்ல சொன்னான். போலீஸ் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் ஊசி வைக்காத.”

பிரசாத்தும் அந்த நேரத்துக்கே வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. கடலோர ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்திருந்தார்கள். காலையில் அதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பு முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். அடுத்தது போலீஸ் விசாரணைதான். ஒருத்தன் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வேலை இல்லை.

“நான்தான் வெட்டினேன் பெரிப்பா,” என்றான் எடுத்த எடுப்பிலேயே. “வடக்கேர்ந்து தண்ணி இழுத்துச்சு. உன் வலை நகந்து வந்து என் இன்ஜின் காத்தாடில சுத்திக்கிச்சு. அலை வேற பக்கவாட்டுல அடிக்குது. வெட்டாட்டி போட்டே கவுந்திருக்கும்.”

“யாரு வேணாம்னா? வெட்டினவன் கட்டிட்டு வரணும் இல்ல?”

“கட்டிட்டுத்தான வந்தேன்! என் போட்டு கயிறால கட்டினேன். காலைல உன் ஊட்டுக்கு வந்தேன், பூட்டிகீது. எனக்கு டைம் ஆயிடுச்சு, ஓடிட்டேன்.”

கடலில் இருளில் இப்படி நேர்வது புதிதல்ல. அடுத்தவன் வலை இன்ஜினில் சிக்கினால், உயிருக்கு ஆபத்தென்றால், வெட்டலாம். ஆனால் வெட்டியதை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. கிழிசலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துத் தன் படகின் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கிழிசல் மேலும் ஓடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எந்தப் படகின் கயிறு என்று பார்த்தாலே வெட்டியவன் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் கரைக்கு வந்து, தன் மீனை விற்பதற்கு முன்னால், வலைக்காரன் வீட்டில் சொல்லிவிட வேண்டும். இப்படிச் செய்தவனை யாரும் குற்றவாளி என்று சொன்னதில்லை. கட்டாமல் வந்தவனைச் சும்மா விட்டதும் இல்லை.

தேசப்பன் வலையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “எங்கடா கட்டினே? கயிறு எங்க? தோ பாருங்க, எவ்ளோ பெரிய ஓட்டை! சுத்தமா அறுத்துட்டு, கயிறு கட்டினேன்னு கதை வுடுறான். போட்டு நிறுத்துற இடத்துல எங்கிட்ட மொறைச்சான் இல்ல, அந்தக் கோவம்!”

பிரசாத் வலையைப் பார்த்தான். விளிம்பு சீராக, சுத்தமாக இருந்தது. கயிறு இல்லை. அவன் முகம் மாறியதை ஆரோக்கியராஜ் பார்த்தார். தன் கையிலிருந்த கத்தரியையும் பார்த்தார்.

காலையில் நடுவில் ஒரு பெரிய கட்டி இருந்தது. அதை வெட்டியது கைக்கு நினைவிருக்கிறது. கண்ணுக்கு நினைவில்லை. வெட்டிப் போடுவதை அவர் என்றுமே பார்ப்பதில்லை. மிஞ்சுகிற நல்ல கண்ணிகளின் மேல்தான் பார்வை இருக்கும். அந்தக் கட்டிக்குள் கயிறு இருந்ததா, ஆகாயத்தாமரை வேர்தானா? அவருக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே பேசாமல் இருந்துவிட்டார்.

நாளைக் காலை ஊர்க் கூட்டம், அது முடிந்ததும் நேரே ஸ்டேஷன் என்று தேசப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆரோக்கியராஜ் வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி ஜான்சி மீன் விற்கிறவள். மகள் ஜெனிதா சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். நடந்ததை அவர் சொன்னதும் ஜான்சி கரண்டியை வைத்தாள்.

“அப்போ நீயே சாட்சிய வெட்டிக் கடாசிட்ட. ஏய் ஜெனி, உங்கப்பனுக்கு எந்த செக்ஷன்னு பாரு.”

“சும்மா இரும்மா,” என்றாள் ஜெனிதா. “நைனா, குத்தம்னா செஞ்ச காரியம் மட்டும் இல்ல. செஞ்சவன் மனசும் அதுல சேரணும். ஒருத்தர் பொருள வேணும்னே நாசம் பண்ணா அது ஒரு குத்தம். நாசம்தான் ஆகும்னு தெரிஞ்சே பண்ணாலும் குத்தம். ஆனா அதவிடப் பெரிய ஆபத்த தடுக்க, கெட்ட எண்ணம் இல்லாம செஞ்சா குத்தம் ஆகாது. பிரசாத் சொல்றது நெஜம்னா அவன் மேல கேஸே நிக்காது.”

“அவன் மனசு எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“அதுக்குத்தான் சாட்சி.”

“அப்போ அந்தக் கயிறுதான் அவன் மனசு,” என்றார் ஆரோக்கியராஜ்.

ஜெனிதா சிரித்தாள். “எங்க சாரு இவ்ளோ சுருக்கா சொல்லல.”

ஆரோக்கியராஜ் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் வளர்ந்தவர்களுக்குக் குற்றம் என்பது ஒரே மாதிரியானதல்ல. வலை இழுக்கக் கை கொடுத்தவன் குழம்புக்கு நாலு மீன் எடுத்துக்கொண்டு போனால் அதற்குத் திருட்டு என்று பெயரில்லை. அதே நாலு மீனை, கூடைக்காரி திரும்பிய நேரம் பார்த்து எடுத்தால் திருட்டு. அதைப் பேசித் தீர்ப்பார்கள். அடுத்தவன் இன்ஜினைக் கழற்றினால் அது ஊர் முழுவதற்கும் செய்த கேடு. அதற்குக் கடலுக்குப் போகத் தடை விழும். அரசாங்கம் வைத்திருக்கும் குற்றங்கள் தனி. தடை செய்த வலையை இறக்கினால் குற்றம். ஆமையைப் பிடித்தால் குற்றம். அவர் சின்ன வயதில் ஆமை முட்டை எடுத்து வந்தவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆமை மாறவில்லை, மனிதர்கள்தான் இப்போது அதை வேறு மாதிரி பார்க்கிறார்கள்.

இதை அவர் சொன்னபோது ஜான்சி, “ஆமைய மட்டும் சொல்லு,” என்றாள். “பொண்டாட்டிய அடிக்கிறத எத்தினி வருஷமா வீட்டுச் சமாச்சாரம்னு சொல்லிக்கினு இருந்தீங்க, ஊருல? எவனாச்சும் கூட்டம் போட்டானா?”

ஊர் எதைக் குற்றம் என்று சொல்லவில்லையோ, அதுவும் வலிக்கத்தான் செய்திருக்கிறது.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார். “ஜெனி, தெரியாம வெட்டினேன். அது குத்தமா?”

“இல்ல நைனா. ஒருத்தன காப்பாத்தவோ மாட்டிவிடவோ தெரிஞ்சே சாட்சிய அழிச்சாதான் குத்தம்.”

“காலைல தெரியாது. இப்போ தெரியும். கட்டி ஒண்ண வெட்டினேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போ வாய மூடிக்கினு இருந்தா?”

ஜெனிதா புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. “சட்டத்துல அதுக்குப் பேர் இருக்கோ இல்லியோ,” என்றாள், “பிரசாத்துக்கு வேலை போயிடும் நைனா.”

எழுந்து ஏலக் கூடத்துக்குப் போய்ச் சாக்கைத் தேடினார். கூடத்தின் ஓரத்தில் காலியாக மடித்து வைத்திருந்தது. மாநகராட்சி வண்டி மத்தியானமே வந்து போய்விட்டது. ஆனால் வண்டிக்கு முன்னால் அந்தச் சாக்கைக் கிளறுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். கெங்கம்மா. நல்ல கயிறு, தடித்த நூல் எதுவும் வீணாகப் போக விட மாட்டாள். மீன் பெட்டி கட்ட எடுத்துக்கொள்வாள். கெங்கம்மா தேசப்பனின் கூடப்பிறந்த அக்கா.

விடிந்ததும் கரையோரக் கடை வரிசைக்குப் போனார். கெங்கம்மா ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தெர்மாகோல் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு நீலம். நடுவே ஒரு சிவப்புப் புரி ஓடியது. அந்தக் குப்பத்தில் அந்தக் கயிறு பிரசாத் படகில் மட்டும்தான் இருக்கிறது.

“இன்னா ஆரோக்கியம், காலங்காத்தால என் பொட்டிய மொறைக்கிறே?”

“இந்தக் கயிறு எப்போ எடுத்தே?”

“உன் குப்பைல எடுத்தது. குப்பைக்கு இன்னா வரி கட்டணுமா?”

“முடிச்சு போட்டு இருந்துச்சா?”

கெங்கம்மா ஐஸ் கொட்டுவதை நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது. நேற்று முழுவதும் குப்பத்தில் வேறு பேச்சே இல்லை.

“எம் தம்பி ஊரு முன்னாடி அத்தினி சத்தம் போட்டுகீறான்,” என்றாள் மெல்ல. “இப்போ கயிறு கெடைச்சிச்சுன்னா அவன் மூஞ்சிய எங்க வெச்சுப்பான்? நீ பாக்கல. நானும் பாக்கல. வுட்டுடு.”

“பிரசாத்து மூஞ்சிய எங்க வெச்சுப்பான் கெங்கம்மா?”

அவள் மறுபடி ஐஸ் கொட்டத் தொடங்கினாள்.

“என் கை செஞ்சத நான் சொல்லப் போறேன். உன் கையில கீறத நீ சொல்லு. நீ சொல்லாட்டி அதையும் நான்தான் சொல்லணும். நீயே சொன்னா அழகா இருக்கும்.”

“பெரிய நியாயஸ்தன்! போ, போயி உன் ஊசிய புடி,” என்றாள் அவள், மீனைப் பார்த்துக்கொண்டே.

கூட்டம் ஏலக் கூடத்திலேயே நடந்தது. ஊர்த் தலைவர் நாற்காலியில் இருந்தார். கிழிந்த வலை நடுவில் கிடந்தது. தேசப்பன் பேசினார், பிரசாத் பேசினான், இரண்டு பேரும் நேற்றுச் சொன்னதையே சத்தமாகச் சொன்னார்கள். ஆரோக்கியராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நேத்து வலைய பிரிச்சதும் நடுவுல ஒரு கட்டி இருந்துச்சு. பிரிச்சுப் பாக்காம வெட்டிட்டேன். வலை சுத்தமா இருக்குதுன்னா அது என் கத்தரி பண்ணது. பிரசாத் கத்தி பண்ணது இல்ல. இத நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல.”

“இப்போ மட்டும் நெனப்பு வந்துடிச்சா?” என்றார் தேசப்பன். “பிரசாத்து உனக்கு வஞ்சிரம் குடுத்தானா, கொடுவா குடுத்தானா?”

கூட்டம் சிரித்தது. பிரசாத்தின் கூட்டாளி ஒருவன் பின்னாலிருந்து, “கயிறு பாத்தேன்னு சொல்லு மாமா, முடிஞ்சுடும்!” என்றான்.

“பாக்கலியே,” என்றார் ஆரோக்கியராஜ். “கட்டிய வெட்டினேன். உள்ள இன்னா இருந்துச்சுன்னு பாக்கல. பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்றது?”

“பாக்காம எப்படிய்யா வெட்டுவே?”

“வெட்டுறத எவன் பாக்குறான்? நிக்கிற கண்ணியத்தான் பாப்போம்.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து கெங்கம்மா வந்தாள். இடுப்பில் பெட்டி. அதிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. தலைவர் காலடியில் பெட்டியை வைத்து, கயிற்றை அவிழ்த்து, தம்பியின் கையில் கொடுத்தாள்.

“அந்தக் கட்டில இருந்தது இதான். அவுக்க முடியல, அவ்ளோ இறுக்கம். மீன் கத்தி முனையால நெம்பி அவுத்தேன். உன் வலை நூலு இன்னும் உள்ள மாட்டிக்கினு கீது, பாத்துக்கோ.”

தேசப்பன் கயிற்றின் புரிகளைப் பிரித்துப் பார்த்தார். நீலத்துக்குள் அவருடைய வலையின் பச்சை நூல் துணுக்குகள் கடித்துக்கொண்டிருந்தன. கரையில் வைத்து யாரும் அப்படிச் செருக முடியாது. பாரத்தோடு இழுபட்ட கயிறு அது. அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்தே ஏன்க்கா சொல்லல?”

“நேத்து நீ கேட்டியா? கத்திக்கினுதான இருந்தே.” கெங்கம்மா திரும்பினாள். “டேய் பிரசாத்து! அவன் ஊடு பூட்டி இருந்தா இன்னா? பக்கத்து ஊட்டுல நான் இல்ல? எங்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு இன்னாடா கொள்ளை?”

பிரசாத் தலையைச் சொறிந்தான். “உன் வாய்க்குப் பயந்துதான் அத்த.”

இந்தத் தடவை தேசப்பன் பக்கத்திலிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

தலைவர் சுருக்கமாக முடித்தார். வெட்டியது குற்றமில்லை. கட்டியிருக்கிறான். சொல்லாமல் போனது தப்பு, குற்றம் என்று சொல்ல முடியாத தப்பு. வலை முடியும்வரை பிரசாத் கூட உட்கார்ந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். தேசப்பன், “ஸ்டேஷனுக்குப் போகல” என்று மட்டும் சொன்னார். பிரசாத்திடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலைக்குப் போகும் பையனைப் போலீஸ் விசாரித்தால் அவன் மேல் வழக்கு எதுவும் இருக்காது. பிரசாத்துக்கு அது போதும்.

பிரசாத் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, ஆரோக்கியராஜின் ஊசி போய்ப் போய் வந்தது. கை வேலையில் இருக்கும்போதுதான் அவருக்கு யோசனை வரும். கயிறு கிடைத்தது. கெங்கம்மா அதை எடுக்காமல் விட்டிருந்தால் வண்டியோடு போயிருக்கும். அப்போதும் பிரசாத் இதே பிரசாத்தான். ஆனால் ஊர் வாயில் வேறு ஆளாகியிருப்பான். எத்தனை பேர் அப்படி ஆகியிருப்பார்கள்?

“பிரசாத்து, அன்னிக்கு கையில கயிறு இல்லாம போயிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

பிரசாத் யோசித்தான். “தெரியல மாமா. அந்த அலைல, கட்டினதே பெரிசு. பயந்துகினு வந்துட்டிருப்பேனோ இன்னாவோ.”

“வந்துட்டிருந்தா நீ குத்தவாளியா?”

“நீதான் சொல்லணும்.”

ஆரோக்கியராஜ் கண்ணியை முடிச்சிட்டு அடுத்ததற்குப் போனார். அப்போது ஊர் அவனைக் குற்றவாளி என்றுதான் சொல்லியிருக்கும். ஜெனிதாவின் புத்தகம் ஒருவேளை வேறு சொல்லும். பயந்து ஓடியவனுக்கும் பகையில் அறுத்தவனுக்கும் வலையில் விழும் ஓட்டை ஒன்றுதான், தைக்கும் நூலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் அந்த ஆளுக்குள் இருக்கிறது. அதற்குள் போய்ப் பார்க்க ஊருக்கு ஒரு கயிறுதான் வழி.

வெயில் தாழ்ந்தபோது கடைசி முடிச்சு விழுந்தது. ஆரோக்கியராஜ் வலையை விரித்துக் கையால் தடவிப் பார்த்தார். புதுக் கண்ணி பழைய கண்ணியோடு எங்கே சேர்ந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிரசாத்தும் அவரும் அதை மடிப்பு மடிப்பாகச் சுருட்டினார்கள்.

தேசப்பன் வந்து நின்றார். வலையின் கனம் ஒரு ஆளுக்குத் தாங்காது. அவர் ஒரு பக்கத்தைத் தோளில் ஏற்றினார். மறுபக்கத்தைப் பிரசாத் கேட்காமலே எடுத்துத் தன் தோளில் வைத்தான். தேசப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“இரு,” என்றார் ஆரோக்கியராஜ். கூடத்துத் தூணில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்துவந்தார். இன்று தைக்கும்போது மறுபடி நறுக்கிய நூல், துண்டு, கட்டி எல்லாம், சாக்குக்குப் போகாமல், அதில் இருந்தன. அதைத் தேசப்பனின் கையில் கொடுத்தார்.

“வெட்டினது இதுல கீது. பாத்துட்டு நீயே கொட்டிடு.”